கசடும் காட்ஸில்லாவும்

கனகம்மாசத்திரத்திலிருந்து கல்லூரிக்கு வரும் காலைப் பேருந்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ‘பூதம்’. ஆலைக்கழிவில் பிறந்த விலங்குகள் ஊரை விழுங்க வரும் பழைய மலிவுப் படங்களைச் செல்போனில் தேடித் தேடிப் பார்ப்பதால் நண்பர்கள் சூட்டிய பெயர். “ரப்பர் சட்டையை மாட்டிக்கொண்டு அட்டைப்பெட்டி வீடுகளை மிதிக்கிறான், அதைப் போய்ப் பார்க்கிறாயே!” என்பார்கள். ரப்பர் சட்டைதான்; அட்டைப்பெட்டிதான்; நான் மறுக்கவில்லை. ஆனாலும் அப்படங்களைச் சிரித்து ஒதுக்கிவிடுவது நியாயமல்ல என்று எனக்குப் படுகிறது. அதே சமயம் அவற்றின்மேல் எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. இரண்டையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நியாயத்தைப் பார்ப்போம். 1971-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஜப்பானில் ஒரு காட்ஸில்லா படம் வெளிவந்தது. இயக்கியவர் யோஷிமிட்சு பான்னோ. செலவுக்குக் கொடுத்த பணம் குறைவு, படம் பிடிக்கக் கிடைத்த நாட்களும் குறைவு. அதில் காட்ஸில்லாவோடு மோதும் பூதத்தின் பெயர் ஹெடோரா. ஜப்பானிய மொழியில் ‘ஹெடோரோ’ என்றால் சேற்றுக் கசடு. விண்ணிலிருந்து வந்த ஓர் உயிர், கடலில் கொட்டிய கழிவைத் தின்று தலைப்பிரட்டை போல் வளர்கிறது. பிறகு கரையேறி ஆலைப் புகைபோக்கியில் வாயை வைத்து, நம் ஊர்த் தாத்தாக்கள் சுருட்டுப் பிடிப்பதுபோல் புகையை இழுக்கிறது. பிறகு பறக்கிறது. அது பறந்து போகும் வழியெல்லாம் கந்தக அமில மூட்டம். உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த பெண்கள் மயங்கி விழுகிறார்கள், இரும்பு துருப்பிடிக்கிறது, மனிதர் எலும்புக்கூடாகிறார்கள்.

இதைக் கண்டு சிரிப்பு வருவது உண்மைதான். ஆனால் அந்தப் படத்தை அன்று பார்த்த ஜப்பானியருக்கு அது வெறும் கற்பனையா? மினமாட்டா என்ற கடலோர ஊரில் மீன் தின்ற மக்கள் நரம்பு தளர்ந்து துடிப்பது 1956-இல் வெளியுலகுக்குத் தெரிந்தது. ஆலைக்கழிவிலிருந்த பாதரசம்தான் காரணம் என்று அந்நாட்டு அரசு ஒப்புக்கொள்ள 1968 ஆயிற்று. யோக்கைச்சி நகரில் கந்தகப் புகையால் ஊரே மூச்சிரைத்தது. 1970-இன் இறுதியில் ஜப்பானிய நாடாளுமன்றம் ஒரே கூட்டத்தொடரில் மாசு தொடர்பான 14 சட்டங்களை நிறைவேற்றியது. சுற்றுச்சூழலுக்கென்று தனி அரசுத்துறை தொடங்கப்பட்டதும், ஹெடோரா திரைக்கு வந்ததும் ஒரே மாதத்தில்! பெரிய மனிதர்கள் பேசத் தயங்கிய காலத்தில் ஒரு ரப்பர் பொம்மை பேசியிருக்கிறது. அதற்காகவாவது அதை மதிக்க வேண்டாமா?

பிறகு வந்தவை பல. 1979-இல் அமெரிக்காவில் வந்த ‘ப்ராஃபெஸி’ படத்தில் காகித ஆலையின் பாதரசத்தால் கரடி ஒன்று கோரமாகிறது. 1984-இல் வந்த ‘டாக்ஸிக் அவெஞ்சர்’ மிகமிக மலிவான படம். கதை முழுவதையும் கல்லூரி மலரில் சொல்ல முடியாது. 2006-இல் வந்த கொரியப் படம் ‘தி ஹோஸ்ட்’, இராணுவ முகாம் ஒன்றிலிருந்து ஃபார்மால்டிஹைடை வடிகாலில் ஊற்றிய உண்மைச் சம்பவத்திலிருந்து தொடங்குகிறது. தமிழில் 2016-இல் ஜெயம் ரவி நடித்த ‘மிருதன்’ வந்தது. ஊட்டியில் சிந்திக்கிடந்த நச்சு ரசாயனத்தை ஒரு நாய் குடிப்பதில் கதை ஆரம்பம். அதன்பிறகு துப்பாக்கியும் ஓட்டமுமாகப் போய்விடுகிறது. சிந்தியது யார் என்ற கேள்வி பின்னால் நின்றுவிடுகிறது.

தமிழ்ப் படக்காரர்கள் இதற்கு ஊட்டிக்குப் போயிருக்க வேண்டியதே இல்லை. எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் ராணிப்பேட்டை இருக்கிறது. அங்கே 1995-இல் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல். மழை பெய்தால் மஞ்சள் நீர் இறங்கும். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

வேதியியல் ஆய்வகத்தில் எங்களுக்குப் பொட்டாசியம் டைகுரோமேட் கொடுக்கிறார்கள். அழகான ஆரஞ்சு நிறம். அமிலம் சேர்த்து இரும்பு உப்புக் கரைசலை விட்டால், ஆறு இணைதிறன் கொண்ட கொடிய குரோமியம் மூன்று இணைதிறனுக்கு இறங்கிவிடும். ஆரஞ்சு போய்ப் பச்சை வரும். சோதனைக்குழாயில் அதற்கு ஒரு நிமிடம். “கையில் படாமல் பாருங்கள்” என்று ஆசிரியர் எச்சரிப்பார். அப்போதெல்லாம் எனக்கு நைனாவின் கை நினைவுக்கு வரும்.

என் நைனா ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் டிரம்மில் வேலை செய்கிறார். குரோம் ஏறிய தோல் நீலமாக வெளியே வரும். வாரிக் குவிக்க வேண்டும். விரல் இடுக்கில் எப்போதும் ஒரு புண் இருக்கும். வாரம் முழுதும் அங்கேயே தங்கிச் சனிக்கிழமை இரவு வீட்டுக்கு வருவார்.

2015 ஜனவரி 31, ஒரு சனிக்கிழமை. விடிவதற்கு வெகுநேரம் முன்பே ராணிப்பேட்டை சிப்காட்டில், தோல் கழிவுநீரைச் சுத்தம் செய்வதற்கென்றே ஏற்பட்ட கூட்டுச் சுத்திகரிப்பு நிலையத்தில், கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் அந்தக் கசடில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நான் அப்போது சிறுவன். காலைச் செய்தியில் ‘ராணிப்பேட்டை’ என்ற சொல் காதில் விழுந்ததும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் போனுக்கு ஓடினாள். பகல் பன்னிரண்டு வரை இணைப்புக் கிடைக்கவில்லை. நைனா வேறு கம்பெனி. அன்று மாலை வழக்கம்போல் வந்து இறங்கினார். வந்தவர் எதுவும் பேசவில்லை. திங்கட்கிழமை திரும்பவும் போனார்.

ஹெடோராவை நான் முதன்முதலில் பார்த்தபோது அந்தச் சனிக்கிழமைதான் கண்ணில் நின்றது. சேறு எழுந்து மனிதர்கள்மேல் வரும் காட்சியை ஜப்பானியர் 1971-இலேயே பொம்மையாகச் செய்து காட்டிவிட்டார்கள். ஆனால் சுத்தம் செய்யும் இடத்திலேயே பூதம் குடியிருக்கும் என்று அவர்களுக்குக்கூடத் தோன்றவில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனாவுக்கு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். பாஷை புரியவில்லை, நான்தான் கதை சொன்னேன். பாதிவரை பார்த்துவிட்டு, “ஏன்டா, அந்த ஃபேக்டரியில வேலை செய்யற ஜனங்க யாரையுமே காட்டலியே?” என்று கேட்டார்.

என் மனக்குறையும் இதுதான். எனக்கு அதைச் சொல்லத் தெரியாமல் இருந்தது. இந்தப் படங்களில் விஞ்ஞானி உண்டு, சிறுவன் உண்டு, இராணுவம் உண்டு. பேராசைக்கார முதலாளிகூடச் சிலவற்றில் உண்டு. அந்த ஆலையில் உழைத்து, அந்தக் கூலியில் அரிசி வாங்கும் ஒரு குடும்பம் கிடையாது. டாக்ஸிக் அவெஞ்சரில் மட்டும் நச்சுத்தொட்டியில் விழுகிறவன் ஒரு துப்புரவுத் தொழிலாளி. அவனும் விழுந்த மறுகணமே மாபெரும் வீரனாகி விடுகிறான். புண்ணோடு வேலைக்குப் போவதில்லை. ஆலையை மூடு என்று கத்துவது படத்தில் சுலபம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னை இங்கே கொண்டுவந்து விட்டது நீலத்தோல் வாரிய கூலி. மூடு என்று நான் எந்த வாயால் சொல்வது? மூடாதே என்றுதான் எந்த வாயால் சொல்வது? பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைகள் வழக்கில், கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அந்தச் செலவுக் கணக்கில் நைனாவின் விரல் எந்தப் பத்தியில் வரும் என்று தெரியவில்லை.

நம்மவர் யாரேனும் இப்படியொரு படம் எடுத்தால், பூதம் மலிவாகவே இருக்கட்டும்; ரப்பரே போதும். டிரம் சுற்றும் ஓர் ஆளை மட்டும் நடுவில் வைக்கட்டும்.

படத்தின் முடிவில் இரண்டு பெரிய மின்தகடுகளுக்கு இடையே ஹெடோராவை நிறுத்தி, உடலிலுள்ள நீரையெல்லாம் வற்றவைத்து மண்ணாக்கி விடுவார்கள். நைனா அதை மறக்கவில்லை. மறுநாள் விடியற்காலை பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, “அந்தச் சேத்தைக் காயவெக்கிற மெஷினு நெசமாவே இருக்குதா?” என்று கேட்டார். இல்லை என்றேன். இரும்பு உப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்குவதற்குள் பேருந்து வந்துவிட்டது.