ஜன்னல் கண்ணாடிக்கு ஆண்டுக்கு எத்தனை முறை?

புதிதாகக் கட்டிய மாடி வீட்டின் ஜன்னல் கண்ணாடிகளை, அத்தொழில் அறிந்த ஆட்களை அழைத்துச் சுத்தம் செய்விப்பது ஆண்டுக்கு எத்தனை முறை போதும் என்றும், மாதந்தோறும் செய்வது வீண்விரயம் ஆகாதா என்றும், கடலோர ஊரைச் சேர்ந்த வாசகச் சகோதரி ஒருவர் கேட்டு எழுதியுள்ளார். மதரஸாவில் பாடம் நடத்துபவனுக்கும் ஜன்னலுக்கும் என்ன தொடர்பு எனச் சிலர் நகைக்கலாம். விரயம் என்னும் சொல் இடையே வந்துவிட்டமையால் விடை கூறவே வேண்டியுள்ளது.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் முன்னோர் கட்டிய வீடுகளில் இவ்வினா எழுந்திருக்க இடமில்லை. மரக்கதவும் இரும்புக் கம்பியும் கொண்ட ஜன்னலுக்கு ஒரு துணியும் ஒரு கை எண்ணெயும் போதுமானவையாக இருந்தன. இன்று சபுராளிகள் எழுப்பும் இல்லங்களிலோ ஆளுயரக் கண்ணாடியும் அலுமினியச் சட்டமும் தெருவை நோக்கி நிற்கின்றன. அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கண்ணாடி, கடற்காற்றோடு காலமெல்லாம் போராட வேண்டிய பொருளாகும்.

அலையிலிருந்து எழும் நுண்துளிகள் காற்றில் மிதந்து வந்து கண்ணாடியில் உப்பாகப் படிகின்றன. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும் தன்மையது. அவ்வாறு ஈரம் நெடுநாள் நின்றால், கண்ணாடியினுள் இருக்கும் சோடியம் மெல்ல மெல்ல வெளியேறி அதன் மேற்பரப்பு மங்கிவிடும். அலுமினியச் சட்டத்திலும் சிறு குழிகள் விழுகின்றன. இதைக் காட்டிலும் பெருங்கேடு நம் கையாலேயே நேர்வதுண்டு. உப்பைப் போக்கக் கருதி, ஆழ்துளைக் கிணற்று நீரைக் குழாயில் பீய்ச்சி அடித்து, துடையாமல் வெயிலில் காயவிடுகிறோம்! அந்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து வெள்ளைப் புள்ளிகளாகத் தங்கிவிடுகிறது. புதிய புள்ளியாயின் வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துடைத்தால் கரைந்துவிடும். நெடுங்காலம் விட்டுவிட்டால் வினிகருக்கும் அது அசையாது. கண்ணாடியையே மெருகிட வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். ஜன்னலின் அடிக்கல் பளிங்காயின் வினிகர் அதன்மேல் படாதவாறு பார்த்துக்கொள்க. பளிங்கை அது அரித்துவிடும். தரைக்கறை போக்கும் ஆசிட்டை ஜன்னலுக்குப் பயன்படுத்துவோரும் இருக்கின்றனர். அலுமினியம் பாழாவது ஒருபுறமிருக்க, அதன் புகை நெஞ்சுக்கு ஆகாது.

இனி, எத்தனை முறை என்னும் கேள்விக்கு வருவோம். துபாயில் 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புர்ஜ் கலீஃபாவை அங்கே பணிபுரியும் நம் பிள்ளைகள் படம் எடுத்து அனுப்பியிருப்பார்கள். 828 மீட்டர் உயரமுள்ள அக்கட்டடத்தில் 24,348 ஜன்னல்கள் உள்ளன. முழுவதையும் ஒருமுறை சுத்தம் செய்து முடிக்க 36 பேருக்கு மூன்று முதல் நான்கு மாதங்கள் ஆகும் என்பர். ஒரு சுற்று முடியவே மூன்று மாதமெனில், பாலைவனத்துத் தூசிக்கு நடுவிலும் ஒரு ஜன்னலின் முறை ஆண்டுக்கு நான்கு தடவைக்கு மேல் வராது. நம் வீட்டுக்கு மட்டும் மாதந்தோறும் ஆள் எதற்கு?

நம்மவர் வழக்கம் பெருநாளுக்கு முன் ஜன்னல் துடைப்பது. நல்ல வழக்கமே. ஆயினும் பெருநாள் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே நகர்கிறது. காற்றும் மழையும் நகர்வதில்லை. 2006, 2007ஆம் ஆண்டுகளில் நோன்புப் பெருநாள் அக்டோபரில் வந்தது. மழைக்கு முந்திய சுத்தமும் அதனோடு ஒத்துப்போயிற்று. 2024இல் அது ஏப்ரல் 11, 2025இல் மார்ச் 31 என்றாகிவிட்டது. ஆகவே பெருநாளுக்கு வீட்டார் துடைப்பது துடைக்கட்டும். கூலி கொடுத்து ஆள் அழைப்பதைப் பருவம் பார்த்தே செய்க.

என் கருத்து இதுவே: ஆடிக்காற்றின் புழுதி அடங்கிய புரட்டாசியில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதத்தில் ஒருமுறை. கடலை நேரே நோக்கிய ஜன்னல்களுக்கு மட்டும் வைகாசியில் மூன்றாம் முறை. உள்நாட்டு ஊர்களுக்கு இரண்டே போதும். இடையில் மாதம் ஒருமுறை, கைக்கு எட்டும் கண்ணாடியை நல்ல தண்ணீரால் கழுவி, ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழாக இழுத்துவிட்டால் உப்பு தங்காது. வெயில் ஏறுமுன் செய்தால் கோடு விழாது. புரட்டாசி முறையில் இழுவை ஜன்னலின் கீழ்த் தண்டவாளத்திலுள்ள சிறு துளைகளைத் திறந்துவிடச் சொல்ல மறவாதீர். அவை மண்ணால் அடைபட்டால் ஐப்பசி மழை வெளியேற வழியின்றிக் கூடத்துக்குள் இறங்கும். பூட்டிக் கிடக்கும் சபுராளி வீடுகளுக்கும் இதே கணக்குத்தான். இரண்டாண்டு கழித்து விடுமுறைக்கு வரும்போது மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பது கண்ணாடியை மாற்றுவதில் முடியும்.

ஆள் அமர்த்துவது ஏன் என்பதையும் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். மேல் மாடியின் வெளிப்புறக் கண்ணாடிக்குக் கை எட்டுவதில்லை. உடனே நாம் என்ன செய்கிறோம்? வீட்டு வேலைக்கு வரும் ஏழைச் சகோதரியையோ, தெருவில் கிடைத்த ஒரு தம்பியையோ சன்ஷேடின்மேல் ஏற்றிவிடுகிறோம். சன்ஷேடு வெயிலையும் சாரலையும் தடுப்பதற்காக வார்க்கப்பட்ட மெல்லிய பலகை. மனிதர் நின்று வேலை செய்வதற்காக அமைக்கப்பட்டதன்று. உப்புக்காற்றில் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பிய சன்ஷேடுகளை நம் தெருக்களில் எத்தனையோ காணலாம். இருநூறு ரூபாய் மிச்சமாகும் என்று ஒரு குடும்பத்தின் உழைப்பாளியை அதன்மேல் நிறுத்துவது சிக்கனம் ஆகாது.

எனவே ஆள் பேசும்போது தொகையை மட்டும் பேசி முடிக்காதீர். உடல் முழுவதையும் தாங்கும் பாதுகாப்புக் கச்சை உண்டா, அதன்மேல் ஐ.எஸ். 3521 என்னும் இந்தியத் தர எண் இருக்கிறதா, கயிற்றை எதில் கட்டுவார் என்று கேளுங்கள். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் குழாயில் கட்டுகிறேன் என்றால் வேண்டாம் என்று அனுப்பிவிடுங்கள். ஜன்னலுக்கு அருகே மின்கம்பி செல்லுமாயின் நீண்ட அலுமினியக் கோலை அனுமதிக்கவே கூடாது. கச்சையோடு வருபவர் சற்றுக் கூடுதலாகக் கேட்பார். கொடுத்துவிடுங்கள், மூன்று முறையை இரண்டாகக் குறைத்துக்கொண்டாலும் பாதகமில்லை. கூலியை வேலை முடிந்த கையோடு தந்துவிடுக. வாப்பா துபாயிலிருந்து பணம் அனுப்பட்டும் என்று இழுத்தடிக்க வேண்டாம்.

ஆண்கள் வீட்டிலிருக்கும் நாளாகப் பார்த்து ஆட்களை வரச்சொல்லி, உட்புறக் கண்ணாடியைப் பெண்களே துடைத்துக்கொண்டால் செலவும் குறையும், திரைச்சீலையையும் அகற்ற வேண்டியிராது. ஏணியில் நிற்பவர் கண்ணுக்கு அடுத்த வீட்டு முற்றமும் தெரியும் என்பதால், முதல் நாளே அவ்வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். அவர்களும் தங்கள் ஜன்னலைக் காட்டி, அதே ஆளை அன்றைக்கே பேசி முடித்துக்கொள்ளக்கூடும்.