வெளிநாட்டு விவகாரம் நமக்கு எதற்கு?

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டம் தோட்டமாக, வெளிநாட்டு விவகாரங்கள் பற்றிய பேச்சுக் கூட்டங்களை நடத்தலாம் என்று யோசனை வைத்திருக்கிறோம். தோட்டத் தலைவர்கள் சிலர், "சம்பளப் பிரச்சினையே தீரவில்லை, கூரைத் தகரம் ஒழுகுகிறது. இதில் ஈரானும் ரஷ்யாவும் நமக்கு எதற்கு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில் நம் சொந்தக் கதையைப் பார்ப்போம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று எழுதினார்கள். மீதி ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டு, 1974இல் ஆளுக்கு 75 ஆயிரமாகப் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாருக்குப் போன கோச்சிக்கு நம் பெரியவர்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர் வைத்தார்கள். வெளிநாட்டுக் கொள்கை என்பது அதுதான். நம்மைப் பற்றிப் பேசினார்கள், நம்மிடம் பேசவில்லை.

அது பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு நாடு 251 மில்லியன் டொலர் கடன்பட்டிருந்தது. மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலை அனுப்பி அதைத் தீர்ப்பதென 2021 டிசம்பரில் உடன்பாடு கையெழுத்தானது. நாட்டின் எண்ணெய்க் கடனைக் கழிப்பது நம் பெண்கள் அட்டைக்கடிக்கு நடுவில் பறித்த கொழுந்து. இந்தச் செய்தியை எத்தனை மலையில் பேசினோம்?

சம்பளத்தையே எடுத்துக்கொள்வோம். பேச்சுவார்த்தைக்குப் போனால் கம்பனிகள் 'உலகச் சந்தை' என்கின்றன. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயைத் தாண்டியது. கொழும்பு ஏலத்தில் தேயிலையின் சராசரி விலை ரூபாய்க் கணக்கில் முந்தைய ஆண்டைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. நம் நாட்சம்பளம் மட்டும் 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த அதே 1,000 ரூபாயில் நின்றது. உரத் தடையால் விளைச்சல் குறைந்ததும், செலவு ஏறியதும் உண்மை. அதையும் மறைக்காமல் மேசையில் வைத்து, அதற்கு மேல் கிடைத்தது யாருக்குப் போனது என்று கேட்க வேண்டும். கணக்குத் தெரிந்தால்தான் அப்படிக் கேட்க முடியும். சந்தை விழுந்தால் நமக்குச் சொல்ல ஆள் இருக்கிறது. எழுந்தால் நாமேதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சவூதியிலும் குவைத்திலும் லெபனானிலும் வீட்டு வேலை செய்யும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே குண்டு விழுந்தால் இங்கே லயத்தில் உலை கொதிக்காது. எந்தத் தூதரகத்தை நாடுவது, எந்தப் பதிவு இருந்தால் என்ன பாதுகாப்பு என்பதும் இந்தக் கூட்டங்களில் பேச வேண்டிய விடயம்தான். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகளைப் பற்றியும் அப்படியே. வீடு வருவது நல்லது. காணி யார் பெயரில், உறுதி எப்போது என்று கேட்பது நம் வேலை.

கூட்டம் எப்படி இருக்க வேண்டும்? மாலை போடுவது, பொன்னாடை போர்த்துவது வேண்டாம். பேச்சாளர் அரை மணி நேரம் பேசட்டும், கேள்விக்கு ஒரு மணி நேரம் விடுவோம். சுவரில் ஓர் உலகப்படம் தொங்க வேண்டும். முதல் கேள்வி பெண்களுடையது. ஞாயிறு காலை அவர்களுக்குத் துணி துவைப்பும் விறகும் இருப்பதால் பின்னேரம் மூன்று மணிக்கு, பிள்ளைக்காம்பராவிலேயே வைப்போம். கைக்குழந்தையோடு வரலாம். கட்சிப் பிரசாரத்துக்கு மேடை இல்லை. இந்தியா, சீனா, அமெரிக்கா எதைப் பற்றிப் பேசினாலும் அங்குள்ள அரசாங்கம் வேறு, உழைக்கும் சனம் வேறு என்பதை மறக்காமல் பேச வேண்டும். பதில் கிடைக்காத கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்ப வேண்டும். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்கள் அந்தக் கொப்பியோடு போகட்டும்.

தோட்டக் கமிட்டிகள் அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பேசி, தங்கள் தோட்டத்துக்கு ஏற்ற ஞாயிற்றுக்கிழமையையும் முதலில் பேச வேண்டிய விடயத்தையும் முடிவு செய்து எழுதி அனுப்புங்கள். தலைப்பை நீங்கள் சொல்லுங்கள், பேச்சாளரை நாங்கள் தேடுகிறோம்.