"நம்ம சிப்"னா நம்பிடலாமா?

போன எபிசோடுல சென்னை ஐஐடியோட சக்தி ப்ராசஸர் பத்திப் பேசினோம். வந்த மெசேஜ்ல பாதி ஒரே மாதிரி: "அண்ணா, இது நம்ம சிப், இனி பேக்டோர் பயமே இல்ல!" பெருமை எனக்கும் இருக்கு. அந்த "பயமே இல்ல"தான் இடிக்குது.

ஆக்லாந்துல நான் பார்ப்பது கான்ட்ராக்ட் வேலை. புதுசா நெட்வொர்க் பெட்டி வாங்கும்போது கிளையன்ட் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும்: ஹார்டுவேர் ரூட் ஆஃப் டிரஸ்ட் உண்டா? அதாவது, பெட்டி ஸ்டார்ட் ஆகும்போது ஓடப்போகிற கோடை யாரும் மாத்தலையேன்னு சரிபார்க்கும் அடிப்படைப் பகுதி. டேட்டாஷீட்டைப் பார்ப்பேன், "ஆம்" என்று டிக் அடிப்பேன், டீ குடிக்கப் போயிடுவேன். பல வருஷம் அப்படித்தான்.

2019 மே மாதம் ரெட் பலூன் செக்யூரிட்டி என்ற நிறுவனம் திராங்ரிகேட் என்ற ஓட்டையை வெளியிட்டது. (அதன் உண்மையான பெயர் மூணு கோபப் பூனை எமோஜி. சத்தியமா.) சிஸ்கோ பெட்டிகளில் இந்தச் சரிபார்க்கும் வேலையைச் செய்த டிரஸ்ட் ஆங்கர் ஒரு எஃப்பிஜிஏ-வில் இருந்தது. எஃப்பிஜிஏ என்பது தொழிற்சாலையை விட்டு வந்த பிறகும் உள்ளே இருக்கும் சர்க்யூட்டை மாற்றி அமைக்கக்கூடிய சிப். அந்த சர்க்யூட்டை விவரிக்கும் பிட்ஸ்ட்ரீம், ஃபிளாஷ் மெமரியில் பாதுகாப்பே இல்லாமல் கிடந்தது. ரூட் அனுமதி கிடைத்தவன் அதைத் திருத்தி, காவல்காரனையே தூங்க வைத்துவிடலாம். சரிசெய்யவோ, பெட்டி இருக்கும் இடத்துக்கே ஆள் போய் ரீப்ரோகிராம் பண்ணணும். அது பாதியில் சொதப்பினால் பெட்டியையே மாற்ற வேண்டி வரலாம் என்று சிஸ்கோவே சொன்னது.

சரி, பிட்ஸ்ட்ரீமை என்கிரிப்ட் பண்ணிட்டா?

2020 ஏப்ரலில் ஜெர்மனி ஆய்வாளர்கள் அதற்கும் பதில் சொன்னாங்க: ஸ்டார்பிளீட். சைலிங்க்ஸ் 7 சீரிஸ், விர்டெக்ஸ்-6 சிப்களில், என்கிரிப்ட் ஆன பிட்ஸ்ட்ரீமை அந்த சிப்பே பிரித்து, 32 பிட் 32 பிட்டா வெளியே சொல்ல வைத்தார்கள். தப்பு சிலிக்கானிலேயே இருக்கு, பேட்ச் கிடையாது. மாற்ற முடிந்தால் திருடனும் மாற்றுவான். முடியாவிட்டால் நம்மாலும் திருத்த முடியாது.

இப்போ சக்திக்கு வாங்க. அதன் வஜ்ரா டிசைனை நீங்க வீட்டில் ஓட்டிப் பார்க்கும் ஆர்ட்டி ஏ7 போர்டில் இருப்பது ஆர்டிக்ஸ்-7, அதாவது அதே 7 சீரிஸ். அது கத்துக்கிறதுக்கான போர்டு, சக்தியைக் குறை சொல்லலை. 2018-ல் வந்த ரைஸ்கிரீக் சிப்பையும் இன்டெல்தான் அமெரிக்காவில், ஓரிகனில் செஞ்சு தந்தது. டிசைன் நம்மது, அடியில் இருக்கும் மண் வேறொருத்தரோடது.

அப்புறமும் நான் சக்தி பக்கம்தான். காரணம் ஊர்ப்பாசம் இல்லை. திராங்ரிகேட்டைக் கண்டுபிடிக்க, வெளியே இருந்தவங்க மூடிய பிட்ஸ்ட்ரீமைக் குடைய வேண்டியிருந்தது. சக்தியின் புளூஸ்பெக் சோர்ஸ் பிஎஸ்டி லைசென்ஸில் திறந்தே இருக்கு. இதைப் படிக்கிற நீங்களே தப்பு கண்டுபிடிக்கலாம்.

இப்பல்லாம் டிக் அடிக்கும் முன் மூணு கேள்வி கேட்கிறேன்: சாவி யார் கையில்? இந்த அடுக்கே உடைஞ்சா திருத்த வழி என்ன? அதை நானே சோதிச்சுப் பார்க்க முடியுமா? போன தடவை கேட்டப்போ, சேல்ஸ்காரர் ரெண்டு நாள் கழிச்சு அதே டேட்டாஷீட்டை மறுபடி அனுப்பினார்.