ஏரியைச் சீரமைக்கிறீங்களா? ஒரு ஓரத்தை சேறாவே விடுங்க!

காலை ஆறரை மணி. சென்னை பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரம். பறவை பார்க்க வந்தவர்கள் பைனாகுலரும் கையுமாகத் தேடிக்கொண்டிருக்க, வழிகாட்டி மெதுவாகச் சொல்கிறார்: "பறவையைத் தேடாதீங்க. தண்ணி எங்க ஆழம் கம்மியா இருக்குன்னு முதல்ல பாருங்க."

அங்கேதான் நிற்கிறது நெடுங்கால் உள்ளான். கறுப்பு இறக்கை, வெள்ளை வயிறு, ஊசி போன்ற அலகு, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளத்தில் இளஞ்சிவப்புக் கால்கள். ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டீர்கள்.

அந்தக் கால்தான் விஷயமே. வாத்து மாதிரி நீந்தி அல்ல, தண்ணீரில் நடந்துதான் இது இரை தேடுகிறது. கால் எட்டும் ஆழம்வரைதான் சாப்பாடு. கொசு உள்ளானுக்கு அந்த வசதியும் கிடையாது. ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இங்கே வரும் அந்தக் குட்டிப் பறவைக்கு ஈரச் சேறும், விரற்கடை தண்ணீரும்தான் வேண்டும்.

நாம் என்ன செய்கிறோம்? 'ஏரி சீரமைப்பு' என்றாலே பொக்லைன் வைத்து ஒரே ஆழத்துக்குத் தோண்டுவது, கரையைச் செங்குத்தாக உயர்த்துவது, சுற்றி நடைபாதை போடுவது என்று ஆகிவிட்டது. தண்ணீர் நிறைய நிற்கும், போட்டோவும் அழகாக வரும். ஆனால், நடந்து இரை தேடும் பறவைக்குக் கால் ஊன்ற இடம் இருக்காது.

தூர்வாரவே வேண்டாம் என்று சொல்லவில்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டும், வெள்ளம் தங்கவும் இடம் வேண்டும். நடுவில் ஆழப்படுத்துங்கள், ஒரு பக்கக் கரையையாவது சரிவாக விட்டுவையுங்கள். இது பெரிய செலவு இல்லை, திட்டம் போடும்போதே யோசிக்க வேண்டிய விஷயம்.

சேற்று நிலம் என்றால் 'சும்மா கிடக்கிற இடம்' என்ற நினைப்புதான் பள்ளிக்கரணையில் குப்பைக் கிடங்கையும் கட்டடங்களையும் கொண்டுவந்தது. மிஞ்சிய பகுதிக்கு 2022-ல்தான் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. உங்கள் ஊர் ஏரிக்கு அந்தப் பட்டமெல்லாம் வராது. அங்கே கவனிக்க வேண்டியது நீங்கள்தான்.

அடுத்த முறை பறவை பார்க்கப் போனால், எத்தனை பார்த்தோம் என்பதோடு நிறுத்தாதீர்கள். கணுக்கால் அளவா, வயிறு அளவா, எவ்வளவு தண்ணீரில் அது நின்றது என்பதையும் இ-பேர்ட் செயலியில் குறித்து வையுங்கள். நாளைக்கு உங்கள் ஏரிக்குப் பொக்லைன் வரும்போது, பேசுவதற்குக் கையில் ஆதாரம் இருக்கும்.