சத்திரவைத்தியத் தொண்டும் சமயப் பிரசாரமும்

மேனாட்டுக் கிறித்துவ சபைகளைச் சார்ந்த சத்திரவைத்தியரும் தாதியரும் தம் ஓய்வு நாட்களிலே, கைப்பொருளைச் செலவிட்டு, ஆபிரிக்கா, ஹெயிற்றி, குவாத்தமாலா முதலிய தேயங்கட்குச் சென்று, கூலி பெறாது சிகிச்சை செய்து மீளுதல் இக்காலத்துப் பெருவழக்காயிற்று. அவருட் பெயர்பெற்றவர் 1978-இல் தொடங்கிய மெர்ஸி ஷிப்ஸ் என்னுஞ் சங்கத்தார். பழைய இத்தாலியப் பயணக்கப்பலொன்றை மருத்துவசாலையாக்கிய இவர், பின்னர் டென்மார்க்கு நாட்டிற் புகைவண்டிகளைக் கடல்கடத்திய ஓடமொன்றைத் திருத்தி 2007 முதலும், இதற்கென்றே கட்டுவித்த பெருங்கப்பலை 2022 முதலும் ஆபிரிக்கத் துறைகளில் நிறுத்திக் கண்புரை, உதட்டுப் பிளவு, கழலை, குடலிறக்கம் ஆகியவற்றைத் தீர்த்து வருகின்றனர். தொண்டர்க்குச் சம்பளம் இல்லை. உணவிற்கும் உறையுளுக்கும் அவரே பணங் கட்டியதுமுண்டு. நோயாளர் எம்மதத்தினராயினும் ஏற்கப்படுகின்றனர். உலகில் ஐந்நூறு கோடி மக்கள் தக்க சத்திரசிகிச்சை பெறும் வாயிலின்றி வாழ்கின்றனரென்று லான்செட் ஏட்டின் ஆய்வுக்குழு 2015-இற் கணித்தது. இந்நிலையில் இத்தொண்டைப் பழிக்கும் நா அழுகற்பாலது.

ஆயினும், இவ்வாறு செல்லும் சிறு குழுவினர் சிலர் கத்தியோடு போதனையையுங் கொண்டு செல்கின்றனர். நோயாளர் காத்திருக்குங் கூடத்திற் பிரசங்கமும், சிகிச்சை மேடையருகிற் செபமும் நிகழ்கின்றன. "யாரையுங் கட்டாயப்படுத்திலேம், வேண்டாதார் கேளாதொழிக" என்பது அவர் சமாதானம். அது பொருந்தாது, என்னை? பிளந்த உதட்டோடு பிறந்த மகவைத் தோளிற் சுமந்து இரண்டுநாள் நடந்து வந்த தாய், முறைச்சீட்டைக் கையிற் பற்றிக்கொண்டு, "உம் போதனை வேண்டா" என்று சொல்ல வல்லளோ? விலை இன்றென்று அவர் சொல்லினும், இதுவே விலையென்று அவள் உள்ளம் எண்ணும். கட்டாயம் கயிற்றினால் மாத்திரம் ஆவதன்று. ஆன்மா பரிபாகமுற்ற காலத்தே அருள் பதியுமென்று கொள்ளும் சித்தாந்திக்கு, அச்சத்தில் விளைந்த இசைவு சமயமாதல் எங்ஙனம்?

ஈண்டு எதிர்வாதி ஒரு வினா எழுப்புவர். "மருணீக்கியார் சூலைநோயாலன்றோ சைவம் புகுந்தார்? பாண்டியன் வெப்புநோய் தீர்ந்தன்றோ சமணம் விட்டான்?" இது புறந்தள்ளத்தக்க வினாவன்று. இதற்கு விடை கூறாது பாதிரிமாரைச் சாடும் சைவர் தம் புராணத்தைத் தாமே ஓதாதவராவர்.

மருணீக்கியார்பால் திலகவதியார் சென்றிலர். தமக்கையை அழைத்தபோதும், சமணர் இருக்கைக்கு வாரேனென்று மறுத்துவிட்டார். நோயாளரே தாம் பிறந்த சமயத்தை நினைந்து திருவதிகைக்கு நடந்தார். பாண்டியன் வரலாற்றிலோ, நோய்நீக்கம் மதத்தைத் துணிதற்கு ஏதுவாயிற்றென்பதை மறைத்தலாகாது. ஆயின் ஆங்கு இருதிறத்தாரும் அரசன் இருமருங்கும் எதிரெதிர் இருந்து பண்டுவஞ் செய்தனர். அவன் ஒப்பிட்டறிந்தான், அதன் பின்னரும் அனல்வாதமும் புனல்வாதமும் நிகழ்ந்தன. ஆபிரிக்கச் சிற்றூர்த் தாய்க்கு ஒப்பிட்டறிய மற்றொரு வைத்தியன் இலன். இனி, சம்பந்தர் செயலை முன்னிட்டுச் சைவரொருவர் மருந்துச்சாலை வாயிலில் நின்று, திருநீறு பூசினார்க்கே மருந்தென்பராயின், அதுவும் அக்குற்றமே, ஐயமில்லை.

மற்றொரு குறை போதனையினும் பெரிது. அதனைப் பேசுவார் சிலரே. பத்துநாட் குழுவினர் ஒன்பதாம்நாள் அறுத்த புண் பதினான்காம்நாட் சீழ்கொண்டால் அவ்வூரில் அதனைப் பார்ப்பவர் யார்? அன்னப்பிளவு தைத்த குழந்தை வளருங்காலத்து மறுசிகிச்சையும் பேச்சுப்பயிற்சியும் வேண்டும். பேற்றுநோவு நீண்டமையாற் சிறுநீர் ஓயாதொழுகும் பெண்ணுக்குத் துளை தைத்தபின் ஏறக்குறைய இருவாரம் நீர்க்குழாய் இட்டுக் காத்தல் வேண்டும். விமானம் ஏறிவிட்டவர் காப்பதெங்ஙனம்? கப்பற் சங்கத்தார் ஒரு துறையிற் பலதிங்கள் தங்குதலும், உள்நாட்டு வைத்தியர்க்குப் பயிற்சி அளித்தலும் இதனாலேயே மெச்சத்தக்கன.

இதனை மிக முன்னரே உணர்ந்தவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயிற் பணிபுரிந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன். கிறித்துவப் பற்றிலும் போதனையிலும் அவர் எவர்க்கும் பின்னிட்டவரல்லர். அவ்வகையிற் சைவர் அவரோடு உடன்படல் இயலாது. ஆயினும் 1847-இல் வந்த அவர், இடையிற் சில ஆண்டு தாயகஞ் சென்றது நீங்கலாக, 1873 வரை அங்கிருந்தார், தமிழ் கற்றார், அங்காதிபாதம், இரணவைத்தியம் முதலிய நூல்களைத் தமிழாக்குவித்தார், பின்னாளிற் தமிழிலேயே மாணாக்கரைப் பயிற்றினார். அவர் கப்பலேறியபோது கத்தி அம்மாணாக்கர் கையில் இருந்தது.

கிறீன் மாணாக்கரைப் பயிற்றத் தொடங்கிய அதே 1848-இல் வண்ணார்பண்ணையில் ஆறுமுகநாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். பாதிரிமார் பாடசாலைக்கு நாவலர் பாடசாலையாலே விடை கொடுத்தார். அவர் சத்திரசாலைக்குச் சைவவுலகம் அவ்வூக்கத்தோடு விடை கொடுத்ததோ? இலண்டனிலும் தொறொன்றோவிலும் வாழுந் தமிழ் வைத்தியர் விடுமுறையில் ஈழத்து மருத்துவசாலைகட்குச் சென்றுதவுதல் உண்டு. அது பெரும்பாலும் தனியார் விருப்பத்தால் நிகழ்கின்றது. மதமாற்றத்தைக் கண்டித்துத் துண்டுப்பிரசுரம் அச்சிடும் சபையாரும், தேருக்குப் பொற்றகடு வேய நன்கொடை திரட்டும் தருமகர்த்தரும், சத்திரசாலைத் தாதி ஒருத்தியைப் பயிற்ற எத்துணைப் பொருள் வேண்டுமென்று ஒருகாலேனும் வினவியதுண்டோ?