பளபளப்பு சரித்திரம் ஆகாதுங்க

பழைய கார் ஒன்றைப் பார்த்ததும் நம்ம ஆளுங்க வாயில் வரும் முதல் வார்த்தை, "ஒரு பெயிண்ட் அடிச்சா ஜம்முனு இருக்கும்ங்க!" தப்பில்லை. பல்லடம் முதல் கோவை வரை டிங்கரிங் பட்டறைக்கா பஞ்சம்? பட்டி வைத்து, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, கம்ப்ரஸரை ஓடவிட்டால் நாலு நாளில் வண்டி புது மாப்பிள்ளை மாதிரி வந்து நிற்கும். ஆனால் ஒரே ஒரு வண்டியாக, சோதனைக்காகக் கையால் செய்த புரோட்டோடைப் காருக்கு இந்த மாப்பிள்ளை வேஷம் ஆபத்து. அதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

ஏன்னு கேளுங்க. ஃபேக்டரியில் ஆயிரக்கணக்கில் வந்த காருக்கு கலர் கோடு, கேட்லாக், கூடப் பிறந்த வண்டிகள் எல்லாம் சாட்சிக்கு இருக்கும். புரோட்டோடைப்புக்கு அப்படி எதுவும் இருக்காது. அதன் உடம்புதான் அதன் ஒரே ஆவணம். முதல் கோட் பெயிண்டைச் சுரண்டுவது, ஜெராக்ஸ் எடுக்காத பத்திரத்தைக் கிழிப்பதற்குச் சமம்.

இது நமக்குச் சம்பந்தமில்லாத வெளிநாட்டு விஷயம் என்று நினைக்காதீங்க. பல்லடத்திலிருந்து சூலூர் பக்கம் போனால் கலங்கல். ஜி.டி.நாயுடு 1893-ல் பிறந்த ஊர். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பஸ்ஸை வைத்துத் தொழில் தொடங்கியவர், 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் காரை உருவாக்கினார். விலை ரூ.2,000. அரசு உரிமம் தரவில்லை, தயாரிப்பு நின்றுபோனது. இந்தக் கதை நம்ம பக்கத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். சரி, அந்தக் கார் என்ன நிறம்? கேட்டுப் பாருங்க, வகுப்பே மௌனமாகிவிடும். விலையை மறக்காத நாம் நிறத்தைக் கேட்கவே இல்லை.

அடுத்து கரிவர்தன். 1988-ல் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரைக் கொண்டுவந்தவர். 2005-ல் ஃபார்முலா 1 வரை போன நம்ம கோவை நரேன் கார்த்திகேயன், ஆரம்பத்தில் ஓட்டியது அந்த வகைக் கார்தான். 1995-ல் விமான விபத்தில் கரிவர்தன் இறந்தார். அவர் பெயரில்தான் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவே இருக்கிறது. ரேஸ் காருக்கு ஒரு சீசன் ஒரு ஸ்பான்சர், அடுத்த சீசன் வேறு ஸ்பான்சர். ஒவ்வொரு முறையும் புது நிறம். மோதினால் மூக்கு மாறும், பழுதானால் இன்ஜின் மாறும். பத்து வருஷம் கழித்து அதுதான் இது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

பெரிய கம்பெனிக்கே இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. போர்ஷே 917 வரிசையின் முதல் கார், 001 எண் கொண்டது, 1969 மார்ச்சில் ஜெனிவா கண்காட்சியில் வெள்ளை உடம்பும் பச்சை மூக்குமாக வந்தது. 1970 லெமான்ஸ் பந்தயத்தில் இன்னொரு 917, சிவப்பு வெள்ளை நிறத்தில் ஜெயித்தது. உடனே 001-க்கும் அதே சிவப்பு வெள்ளையை அடித்து, ஜெயித்த காரின் சாயலில் காட்சிக்கு நிறுத்தினார்கள். பல வருஷம் அந்த வேஷத்திலேயே இருந்தது. 50-வது ஆண்டான 2019-ல்தான் அதை மறுபடி ஜெனிவா நாளின் கோலத்துக்குக் கொண்டுவந்தார்கள். சேசிஸ் எண்ணும் பழைய படங்களும் காப்பகத்தில் இருந்ததால் முடிந்தது. நம்ம பட்டறையில் செய்த காருக்குக் காப்பகம் எங்கே?

அதனால் வண்டியையே படிக்கக் கற்றுக்கொள்ளணும். முதலில் சேசிஸ் எண். இன்ஜின் எண்ணை நம்பி முடிவு எடுக்காதீங்க; இன்ஜின் ஊர் சுற்றும். அடுத்தது மறைவிடங்கள்: டேஷ்போர்டுக்கு அடியில், சீட் பிராக்கெட்டுக்குக் கீழே, கதவு அட்டைக்குப் பின்னால், நம்பர் பிளேட்டுக்குப் பின்புறம். அங்கே வெயிலும் படாது, அவசரத்தில் ஸ்ப்ரே கன்னும் எட்டியிருக்காது.

மூன்றாவது, ஒரு ரூபாய் அளவு இடத்தில் மட்டும் நைஸ் வாட்டர் பேப்பரால் மெதுவாகத் தேய்த்தால், மரத்தின் வளையம் மாதிரி ஒவ்வொரு கோட்டும் தெரியும். பிரைமருக்கு நேர் மேலே இருப்பது அந்தப் பாகத்தின் முதல் நிறம். ரெட் ஆக்ஸைடு பிரைமரைப் பார்த்து "கார் முதலில் சிவப்பு" என்று சொல்லிவிடாதீங்க! அப்புறம் பஞ்சில் தின்னர் தொட்டுத் தேய்த்துப் பாருங்க. பழைய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் கரைந்து பஞ்சில் ஒட்டும். நன்றாகக் காய்ந்த 2கே பெயிண்ட் அசையாது. 1952 வண்டியின் அடிக் கோட்டே 2கே என்றால், நமக்கு முன்னாடியே யாரோ சுரண்டிவிட்டார்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்தை மட்டும் நம்பவும் கூடாது. அடர் சிவப்பும் அடர் பச்சையும் அதில் ஒரே சாம்பலாக விழலாம். சிவப்பு ஒளியை உணராத ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிம் என்றால் சிவப்புக் காரே கறுப்பாகத் தெரியும்.

"துருப் பிடிக்க விடச் சொல்றியா?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. துருவை நிறுத்தத்தான் வேணும். பெயிண்டும் அடிங்க. ஆனால் அடிப்பதற்கு முன் படம் எடுங்க, அளவு எடுங்க, மறைவான இடத்தில் உள்ளங்கை அளவு பழைய பெயிண்டைத் தொடாமல் விடுங்க. பின்னால் வருகிறவன் நம் முடிவைச் சரிபார்க்க அந்த இடம் போதும். சோதித்துப் பார்க்க வழியில்லாத ரிசல்ட்டை லேப் ரெக்கார்டில் எழுதினால் சார் கையெழுத்துப் போடுவாரா?

இப்போ நம்ம வீட்டு விஷயத்துக்கு வருவோம். ஃபார்முலா பாரத் போட்டிக்காக மாணவர்கள் செட்டிபாளையம் டிராக்குக்குக் கொண்டுபோன ஒவ்வொரு காரும் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். முழுசா புரோட்டோடைப். போட்டி முடிந்ததும் அதற்கு என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். இன்ஜின் அடுத்த வருஷக் காருக்குப் போகும். ஃபைபர் பாடி ஒர்க்‌ஷாப் பின்னாடி மழையில் கிடக்கும். ஜூனியர்கள் அதன் மேலேயே புது நிறம் அடித்து ஓப்பன் டேக்கு நிறுத்துவார்கள். நாளைக்கு அந்த டீமில் ஒருவர் பெரிய ஆளாகி வந்து "என் முதல் கார் எங்கே?" என்று கேட்டால் எதைக் காட்டுவோம்?

செலவு பெரிசா ஒண்ணும் இல்லை. ஃபிரேமில் ஒரு எண் பஞ்ச் பண்ணுங்க. பெயிண்ட் டப்பாவின் லேபிளைக் கிழித்து நோட்டில் ஒட்டி, தேதி போடுங்க. அதே பெயிண்டை ஒரு சின்னத் தகட்டில் அடித்து, வெயில் படாமல் டிபார்ட்மெண்ட் லைப்ரரியில் வையுங்க. எந்த இன்ஜின் எந்த வருஷம் எந்த ஃபிரேமில் இருந்தது என்று ஒரு பக்கம் எழுதுங்க.

அடுத்து செட்டிபாளையம் கிளம்பும் டீமிடம் இந்த நாலையும் கேளுங்க. இல்லைன்னு சொன்னா, வண்டி லாரியில் ஏறுறதுக்குள்ள ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்க.