தறி கட்டும் வரி

முகூர்த்த மாதத்தில் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஏதாவது ஒரு பட்டுக் கடையில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் போதும். நாட்டின் நிதிநிலை பற்றி ஒரு வகுப்பே நடந்துவிடும். பில்லில் மத்திய ஜிஎஸ்டி இரண்டரை, மாநில ஜிஎஸ்டி இரண்டரை என்று பார்த்ததும் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். "வரி கட்டறது நாம. இலவச கரண்ட், மானியம், தள்ளுபடி எல்லாம் நெசவாளிக்கு. நூத்துல ரெண்டு பேர் கட்டி மிச்ச தொண்ணூத்தெட்டு பேரையும் சுமக்கறோம்." பக்கத்தில் இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். கடைக்காரரும் ஆட்டுவார். வாங்க வந்தவரோடு வாதாடி வியாபாரம் செய்ய முடியுமா?

இதே பேச்சு தொலைக்காட்சி விவாதத்துக்குப் போகும்போது கோட்டு மாட்டிக்கொண்டு 'வரிச் சீர்திருத்தம், செலவுக் கட்டுப்பாடு' என்று பெயர் வைத்துக்கொள்கிறது. பிரித்துப் பார்த்தால் உள்ளே நான்கு கூற்றுகள் இருக்கின்றன. நெசவாளர் வரி கட்டுவதில்லை. பட்டு பணக்காரர் சரக்கு, அதற்கு வரி போட்டால் எந்த ஏழைக்கும் நட்டமில்லை. ஐந்து சதவீதம் வாங்குகிறவர் தலையில் விழுகிறது, நெய்கிறவர் தலையில் அல்ல. கைத்தறி மானியம் கஜானாவைக் கரைக்கிறது. நான்கும் தவறு.

முதல் கூற்றை ஊரின் வரலாறே ஏற்காது. எட்டாம் நூற்றாண்டில் காஞ்சியை ஆண்ட இரண்டாம் நந்திவர்ம பல்லவனின் காசக்குடிச் செப்பேடு, தானமாகக் கொடுத்த ஊருக்கு எந்தெந்த வரியெல்லாம் கிடையாது என்று பட்டியல் போடுகிறது. செக்கோடு சேர்ந்து தறியும் அதில் வருகிறது. ஒரு ஊருக்கு விலக்கு என்றால் மற்ற ஊர்களில் வசூல் என்றுதானே பொருள்? கம்பெனி ஆட்சியில் தறிக்கும் கைத்தொழிலுக்கும் 'மோதர்பா' என்று ஒரு வரி இருந்தது. 1860இல் வருமான வரி வந்த பிறகே சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது. வருமான வரி பிறப்பதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பிருந்தே தறி வரி கட்டிக்கொண்டிருக்கிறது என்பதை, 'வருமான வரி கட்டுகிறவர்களே வரி கட்டுகிறவர்கள்' என்று நினைப்பவர்கள் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

நடுவில் ஒரு நல்ல காலமும் இருந்தது. 1953இல் மில் துணிக்குக் கெஜத்துக்கு மூன்று தம்படி கூடுதல் வரி போட்டு, அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிட நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. கைத்தறி தேங்கிக் கிடந்த காலம் அது. காஞ்சிபுரத்துக்காரரான அண்ணா அதே ஆண்டில் திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணியைச் சுமந்து விற்றார். மில்லிடம் வாங்கித் தறிக்குக் கொடுப்பது என்பது அன்றைய அரசு நிதிக் கொள்கை. கைத்தறிக்கு விலக்கு என்பதும் பல பத்தாண்டுகள் மரபாகத் தொடர்ந்தது. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோது அந்த மரபு முடிந்தது. இன்று விசைத்தறிப் பட்டுக்கும் கைத்தறிப் பட்டுக்கும் ஒரே ஐந்து சதவீதம். சமமாக நடத்துகிறோம் என்கிறார்கள். மணிக்கணக்கில் ஓடும் இயந்திரத்தையும் பதினைந்து இருபது நாளில் ஒரு புடவை இறக்கும் இரண்டு கைகளையும் ஒரே கோட்டில் நிறுத்துவதற்குப் பெயர் சமமா?

சரி, காஞ்சியின் பிள்ளையார்பாளையத்தில் கூலிக்கு நெய்யும் ஒருவர் இன்று என்ன வரி கட்டுகிறார்? அவருடைய ஆண்டு வரவு 20 லட்சத்தின் பக்கத்தில்கூட வராது; ஆகவே ஜிஎஸ்டி பதிவு இல்லை. பதிவு இல்லாததால் 'வரி கட்டாதவர்' என்று கணக்கில் நிற்கிறார். உண்மையில் பதிவு இல்லாததால்தான் அவர் கட்டிய வரி திரும்ப வருவதில்லை. நாடா, விழுது, ஜக்கார்டு அட்டை, தறிச் சாமான் என்று எதை வாங்கினாலும் அதில் ஒட்டியிருக்கும் வரி அவரோடு நின்றுவிடுகிறது. பெரிய கம்பெனி அதையே உள்ளீட்டு வரிக் கழிவாக எடுத்துக்கொள்ளும். அவர் போன் ரீசார்ஜில் 18 சதவீதம். பையனின் பைக்கில் ஊற்றும் பெட்ரோலில் மத்திய கலால் வரி ஒரு பக்கம், மாநில மதிப்புக் கூட்டு வரி இன்னொரு பக்கம். பல் விளக்கும் பற்பசையும் குளிக்கும் சோப்பும் 2025 செப்டம்பர் 22 வரை 18 சதவீதம் கட்டின, இப்போது ஐந்து. அதே 2025 பட்ஜெட்டில் ஆண்டுக்கு 12 லட்சம் சம்பாதிப்பவருக்குப் புதிய முறையில் வருமான வரி கிடையாது என்று ஆக்கினார்கள். அது சரியான முடிவா இல்லையா என்பது வேறு பேச்சு. ஆனால் பில் போடும் இடத்தில் பெருமூச்சு விடுகிறவரின் வருமான வரி சுழியமாக இருக்கலாம். தறிக்காரரின் வரி ஒரு நாளும் சுழியம் ஆவதில்லை.

கண்ணுக்குத் தெரியாத வரி இன்னொன்று உண்டு. ஜரிகையை மார்க் கணக்கில் எடைபோடுவார்கள். ஒரு மார்க் 242 கிராம். பழைய தர அளவுப்படி அதில் 57 சதவீதம் வெள்ளி, 0.6 சதவீதம் தங்கம். அதாவது ஒரு மார்க்கில் ஏறத்தாழ 138 கிராம் வெள்ளியும் ஒன்றரை கிராமுக்குச் சற்றுக் குறைவாகத் தங்கமும். இரண்டுக்கும் உள்நாட்டு விலையைத் தீர்மானிப்பது இறக்குமதி விலை. அதில் சுங்க வரி அடக்கம். 2022 ஜூலையில் தங்கத்தின் மீதான வரி 15 சதவீதம் ஆனது. 2024 ஜூலை பட்ஜெட்டில்தான் தங்கம், வெள்ளி இரண்டுக்கும் ஆறாக இறக்கினார்கள். நடப்புக் கணக்குப் பற்றாக்குறை என்று டெல்லியில் யாரோ கவலைப்பட்டால் காஞ்சியில் பேட்டின், அதாவது ஜரிகைக் கரையின், அகலம் குறைகிறது. பட்டு நூலும் அப்படித்தான். 2021 பட்ஜெட்டில் கச்சாப் பட்டுக்கும் பட்டு இழைக்கும் சுங்க வரியைப் பத்திலிருந்து 15ஆக ஏற்றினார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரியில் பட்டுக்கூடு வளர்க்கும் விவசாயிக்குச் சீனப் பட்டிடமிருந்து பாதுகாப்பு வேண்டும் என்பது நியாயமே. அந்த வரியை எடுக்கச் சொல்ல மாட்டேன். அந்தப் பாதுகாப்புக்கான செலவில் ஒரு பங்கை நெசவாளரும் ஏற்கிறார் என்று ஒப்புக்கொண்டால் போதும்.

இரண்டாவது கூற்று: பட்டு என்பது சொகுசு. இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. ஒரே கல்யாணம், ஒரே பெண். கழுத்தில் போடும் தங்கச் சங்கிலிக்கு ஜிஎஸ்டி மூன்று சதவீதம். உடுத்தும் கூறைப்புடவைக்கு ஐந்து. பட்டை தீட்டாத வைரத்துக்குக் கால் சதவீதம். சொகுசுக்கு வரி போடுவதுதான் நோக்கம் என்றால் இந்த வரிசையைத் தலைகீழாக எழுதியிருக்க வேண்டும். புடவை விலை ஏன் ஏறுகிறது என்று பார்க்க வேண்டுமானால் கோர்வைத் தறி முன்னால் போய் நில்லுங்கள். உடலும் கரையும் வேறு வேறு நிறம்; மூன்று நாடா; பக்கத்தில் உதவிக்கு இன்னொரு ஆள்; ஒவ்வொரு ஊடைக்கும் கையால் கோத்து வாங்க வேண்டும். இயந்திரம் இதைச் சுருக்கிவிடும், அதனால்தான் இயந்திரப் புடவை மலிவு. கைவேலை கூடக்கூட விலை கூடும். விலை கூடக்கூட வரி கூடும். ஆக இந்த ஐந்து சதவீதத்தில் ஒரு பங்கு உழைப்புக்கே போட்ட வரி. அதோடு, சீட்டுக் கட்டி மகளுக்கு ஒரு பட்டு எடுக்கும் கொத்தனார் குடும்பமும் பங்களாக்காரரும் கட்டுவது அதே ஐந்துதான்.

மூன்றாவது கூற்றில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் படித்தவர்கள் ஏமாறும் இடம் இது. பில்லில் வாங்குகிறவர் பெயருக்கு நேராக வரி இருக்கிறது. ஆகவே சுமை அவருடையது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பில்லில் யார் பெயர் இருக்கிறது என்பதை வைத்துச் சுமையைச் சொல்ல முடியாது. யாருக்கு வேறு வழி இருக்கிறது என்பதுதான் கேள்வி. வாங்குகிறவருக்கு வழி உண்டு: ஹாஃப்ஃபைன் ஜரிகை போட்டது, விசைத்தறியில் ஓட்டியது, கடை விளக்கில் அதேபோல் மின்னுவது. கடைக்காரருக்கும் உண்டு: கொள்முதலைக் குறைக்கலாம். தறியில் பாவு ஏற்றிவிட்டவருக்கு வழி ஏது? விலை ஏறி விற்பனை படுத்தால், முதலில் நின்றுபோவது அடுத்த பாவு. அதற்கடுத்து கூலி உயர்வுப் பேச்சு.

சிறு உற்பத்தியாளரின் கதை இன்னும் சிக்கல். பட்டுக்கும் ஜரிகைக்கும் வாங்கும்போதே வரி கொடுத்தாயிற்று. புடவையைக் கடையில் போட்டால் பணம் வர மூன்று மாதம் ஆகலாம். ஆனால் பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20ஆம் தேதி வரியைக் கட்டியாக வேண்டும்; பணம் வந்ததா என்று போர்ட்டல் கேட்பதில்லை. வராத பணத்துக்கு வட்டிக்கு வாங்கி வரி கட்டியவர்களை இந்த ஊரில் தேடி அலைய வேண்டியதில்லை. 'ஜிஎஸ்டி தொகுப்பு முறையில் சேரலாமே, ஒரு சதவீதம்தானே' என்பார்கள். ஒன்றரைக் கோடி விற்பனை வரை அந்த வழி உண்டுதான். ஆனால் அதில் சேர்ந்தவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. வாங்கும் கடைக்கு வரிக் கழிவும் கிடைக்காது. பெங்களூருவும் ஹைதராபாத்தும் வாங்காமல் காஞ்சிப் பட்டு எங்கே போகும்? கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் குழி வெட்டியது போல.

இனி மானியம். இலவச மின்சாரத்திலிருந்து தொடங்கலாம். 2023இல் கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் என்பதை 300 ஆக்கினார்கள். பெரிய சலுகைதான். ஆனால் 2016 முதல் தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் முதல் 100 யூனிட் இலவசம். குளிர்சாதனம் வைத்த வீட்டுக்கும் சேர்த்து. இலவச கரண்ட் பற்றிப் பேசுகிறவர் வீட்டு மீட்டரிலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அடுத்து தள்ளுபடி. கூட்டுறவுச் சங்க விற்பனைக்கு அரசு தரும் தள்ளுபடி மானியம் 20 சதவீதம், ஆனால் உருப்படிக்கு 200 ரூபாய்க்கு மேல் போகாது என்பது நெடுங்காலம் நடந்த விதி. 20,000 ரூபாய்ப் புடவைக்குக் கணக்குப் போடுங்கள்: அரசு கொடுப்பது 200; ஜிஎஸ்டியாக எடுப்பது 1,000. இதில் யார் யாருக்கு மானியம் கொடுக்கிறார்கள்?

மத்திய அரசுக்கு வருவோம். 2025-26இல் ஜவுளி அமைச்சகத்துக்கு ஒதுக்கியது 5,272 கோடி ரூபாய். பருத்தி, சணல், பட்டு, மில், கைத்தறி, கைவினை எல்லாவற்றுக்கும் சேர்த்து. 2019 செப்டம்பரில் கம்பெனி வரியைக் குறைத்தபோது ஓராண்டில் விட்டுக்கொடுக்கும் வருவாய் 1.45 லட்சம் கோடி என்று நிதியமைச்சரே சொன்னார். அந்த ஓராண்டுத் தொகையில் இந்த அமைச்சகத்தை 27 ஆண்டு நடத்தலாம். 2021இல் ஜவுளிக்கு 10,683 கோடியில் உற்பத்தி ஊக்கத் திட்டம் வந்தது. அது செயற்கை இழைக்கும் தொழில்நுட்ப ஜவுளிக்கும். தொடங்கியபோது உள்ளே நுழையவே குறைந்தது 100 கோடி முதலீடு வேண்டியிருந்தது. அடுத்தவர் பணத்தில் வாழ்வது என்றால் என்ன என்று இதற்கு மேலும் விளக்க வேண்டுமா? முந்தைய ஆண்டு, 2020 ஜூலையில், அகில இந்தியக் கைத்தறி வாரியத்தையே கலைத்துவிட்டார்கள்.

மானியம் அவ்வளவு இனிப்பாக இருந்தால் எறும்பு மொய்க்க வேண்டாமா? 1995 கணக்கெடுப்பில் நாட்டில் கைத்தறித் தொழிலாளர் 65 லட்சத்துக்கும் மேல். 2009-10இல் 43.31 லட்சம். 2019-20இல் 35.22 லட்சம்; நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகச் சம்பாதிப்பவை. காஞ்சியிலிருந்து ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகும் கம்பெனி பஸ்களில் ஷிப்ட்டுக்கு ஏறும் பிள்ளைகளில் எத்தனை பேர் தறி வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்டுப் பாருங்கள்.

எதிர்த் தரப்பில் ஒரு வாதம் மட்டும் கனமானது. 'கைத்தறிக்கு வரிவிலக்கு கொடுத்தால் சங்கிலி அறுந்துவிடும். நூலிலும் ஜரிகையிலும் கட்டிய வரி உள்ளேயே சிக்கி, அதுவும் விலையில்தான் ஏறும்' என்கிறார்கள். உண்மை. சங்கங்களில் போலித் தறி, போலி உறுப்பினர், விசைத்தறிப் புடவைக்குக் கைத்தறி முத்திரை என்ற குற்றச்சாட்டும் பொய்யென்று சொல்ல மாட்டேன். இதே மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டு இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு நிற்கக் கூடாது என்று அதில் விதி. சங்கத்துக்கும் அதையே போடுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? கம்பெனிச் சலுகைக்கும் சேர்த்துப் போடுங்கள்.

ஆனால் சங்கிலி அறும் என்ற வாதத்துக்கு விடை ஜிஎஸ்டி சட்டத்திலேயே இருக்கிறது. ஏற்றுமதிக்கு விலக்கு என்று சொல்வதில்லை. சுழிய விகிதம் என்கிறார்கள். விற்கும்போது வரி இல்லை, உள்ளே கட்டிய வரியும் திரும்ப வரும். இதே காஞ்சிப் புடவை சிங்கப்பூர் போனால் அந்த மரியாதை. மயிலாப்பூர் போனால் கிடையாது. கைத்தறி எது என்று கண்டுபிடிக்க முடியாது என்பதும் சாக்கு. புவிசார் குறியீடு இருக்கிறது, 2004 முதல் சில்க் மார்க் இருக்கிறது, 2006 முதல் ஹேண்ட்லூம் மார்க் இருக்கிறது. அரசே தன் முத்திரையை நம்பவில்லை என்றால் அதை ஏன் நம்மிடம் விற்கிறது?

நிதியமைச்சர்கள் கூடும் ஜிஎஸ்டி கவுன்சில் 2021 டிசம்பர் 31ஆம் தேதி, மறுநாள் வரவிருந்த 12 சதவீத ஜவுளி வரியை ஒரே கூட்டத்தில் நிறுத்தி வைத்தது. 2023 ஜூலையில் போலி ஜரிகைக்கு 12ஐ ஐந்தாக இறக்கியது. மனம் வைத்தால் ஒரு பிற்பகல் போதும். கைத்தறிப் பட்டுக்கு அந்தச் சுழியத்தைக் கொடுங்கள். தள்ளுபடி என்று கொடுத்துவரும் 200 ரூபாயை வேண்டுமானால் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.